விழிதியூர் மண் குவாரியில் ஒரு காடு: மக்கிய கசடைத் தேடிப் போன கதை

எங்கள் நிலத்தில் மூன்று முறை மரக்கன்று நட்டு, மூன்று முறையும் பட்டுப்போன பிறகுதான் இந்தப் பயணம் போனேன். அரியலூர் பக்கம் எங்களுக்கு ஒண்ணேகால் ஏக்கர் உண்டு. என் மாமனார் காலத்தில் அதைச் சுண்ணாம்புக்கல் எடுக்கக் கொடுத்திருந்தார்கள். கல் தீர்ந்ததும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது வயலாக இல்லை, மேடாக வந்தது. ஆழத்தில் கிடந்த வெளிறிய களியும் கல்துண்டுகளும் மேலே வந்துவிட்டன. மேலே இருந்த நல்ல மண் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. மழையில் வழுக்கும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். வேம்புகூட அங்கே ஒரு கோடையைத் தாண்டவில்லை.

இந்த வலைப்பதிவில் அதைப் புலம்பி எழுதியபோது, வாசகர் ஒருவர் காரைக்கால் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னார். சவுடு மண் வெட்டி நாசமான குவாரி ஒன்றில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடைப் போட்டு ஒருவர் காடு வளர்க்கிறார் என்றும், கேட்டால் ஒளிக்காமல் சொல்வார் என்றும் எழுதியிருந்தார். போன புரட்டாசிக் கடைசியில் கிளம்பினேன். மழைக்கு முன் பார்த்துவிட்டு வந்தால் இந்த வருஷமே எங்கள் மேட்டில் ஒரு லாரி இறக்கிவிடலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தப் பதிவு.

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் பஸ், ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால் தஞ்சாவூரில் காரைக்கால் போகும் பாசஞ்சர் ரயிலைப் பிடிக்கலாம். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மூன்று மணி நேரம், டிக்கெட் முப்பது ரூபாய்க்குள். ரயில் நேரம் அவ்வப்போது மாறுகிறது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். திருவாரூர் தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் உட்காருவது நல்லது, வெயில் குறைவு. நாகூரில் பாதி ரயில் இறங்கிவிடும். அதன் பிறகு காற்றில் உப்பு வாடை வந்துவிடுகிறது.

காரைக்கால் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ. நெரவி வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோவும் பிடிக்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும். எனக்கு அவசரம். விழிதியூர் பழைய மண் குவாரி என்றேன். ஓட்டுநர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார்.

"பாயோட சாக்கடைக் காட்டுக்கா?"

அப்படித்தான் பெயராம். நாற்றம் இருக்குமா என்று கேட்டேன்.

"இப்ப இல்லம்மா. மொத வருசம் வந்திருந்தீங்கன்னா ஆட்டோவ நெரவியிலயே நிறுத்தியிருப்பேன்" என்றார். இருநூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

வயல்களுக்கு நடுவே ஒரு லாரி மட்டும் போகிற அகலத்தில் ஒரு மண்பாதை. இரண்டு பக்கமும் சம்பா நாற்று. பாதை முடிகிற இடத்தில் தரை சட்டென்று ஆள் உயரத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளத்துக்குள் மரங்கள். புங்கன், பூவரசு, சவுக்கு. இரண்டு ஆள் உயரம் இருக்கும். கீழே அருகம்புல் பாயாகப் படர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது பொறாமைதான். பள்ளத்தின் மறுபாதியைப் பார்த்த பிறகுதான் அங்கே என்ன நடந்திருக்கிறது என்று விளங்கியது. அந்தப் பாதி இன்னும் குவாரிதான். சாம்பல் நிறத் தரை, அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நெருஞ்சிகூட இல்லை.

இந்தக் காட்டை வளர்க்கிற நூருல் அமீனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் தடித்த உறை. வளைகுடா நாடு ஒன்றில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அங்கே அந்தக் கசடைத்தான் மக்கவைத்துச் சாலையோர மரங்களுக்குப் போடுவார்களாம். பாலைவன மணலில் வேம்பு நின்றதைப் பார்த்தவருக்கு, ஊருக்குத் திரும்பியதும் மனைவி ஜமீலாவின் பங்காக வந்திருந்த இந்தப் பள்ளம் கண்ணில் பட்டிருக்கிறது. ஜமீலாவின் தகப்பனார் நெல் போட்ட வயல் அது. சாலை போட மண் வேண்டுமென்று ஒப்பந்தக்காரர் ஒருவர் வெட்டிக்கொண்டு போய்விட்டார்.

"இதுல இனிமே ஒண்ணும் மொளைக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றார் ஜமீலா. "அதக் கேட்டுக்கிட்டு சும்மா ஒக்கார எனக்கு முடியல."

கசடு என்றால் பச்சைச் சாக்கடை இல்லை என்பதை அமீன் முதலிலேயே சொல்லிவிட்டார். வீட்டுத் தொட்டிகளிலிருந்து லாரிகள் உறிஞ்சி வருவதைச் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் வேறு, திடம் வேறு என்று பிரிக்கிறார்கள். திடத்தை மணல் படுக்கையில் உலர்த்தி, பிறகு கூரைக்கு அடியில் குவித்து, மாதக்கணக்கில் புரட்டிப் புரட்டி மக்கவைக்க வேண்டும். குவியல் தானாகச் சூடேறி, அந்தச் சூட்டில் கிருமி சாகும். கடைசியில் கரும்பழுப்பில் ஒரு பொடி கிடைக்கும். அதையும் ஆய்வுக்கூடத்தில் கிருமிக்கும் உலோகத்துக்கும் பார்த்த பிறகுதான் மண்ணில் கலக்கலாம். காய்கறிக்கு அவர் போடுவதே இல்லை. மரத்துக்கும் புல்லுக்கும் மட்டும்.

முதலில் பசுந்தாள் உரத்துக்கான சணப்பும் புல்லும் விதைக்கிறார். அது முளைத்துத் தரையைப் பிடித்த இடத்தில்தான் அடுத்து மரம். நான் நேராக மரத்தை நட்டதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தானும் அப்படித்தான் ஆரம்பித்ததாகவும், முதல் நூறு பூவரசு போய்விட்டதாகவும் சொன்னார்.

இந்த வருஷம் மறுபாதியை முடித்துவிடுவது என்று இருவரும் உறுதியாக இருந்தார்கள். அதில் ஒரு பகுதியில் ஏற்கெனவே சணப்பு போட்டு மடக்கி உழுதிருந்தது. வேலி ஓரத்தில் கன்றுகள் பைகளில் நெருக்கியடித்து நின்றன, பல பைகளில் வேர் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் கசடு போட்டு, மண்ணோடு கலந்து, நட்டாக வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போய்விடும், கன்றுகளும் பைக்குள்ளேயே முடங்கிவிடும். அன்று மதியம் லாரி வருவதாக இருந்தது. நான் சரியான நாளில் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜமீலா வீட்டில் சாப்பாடு. பட்டினச்சேரியிலிருந்து காலையில் வந்த சங்கரா மீன், புளி தூக்கலாக ஒரு குழம்பு. சாப்பிட்டுவிட்டு நாங்கள் திரும்பியபோது லாரி பாதையின் நடுவில் நின்றிருந்தது. அதற்கு முன்னால் மண்வெட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஒருவர்.

அவர் செல்வராசு. குவாரிக்கு அடுத்த வயல் அவருடையது, அதன் மூலையில்தான் வீடு, வீட்டு வாசலில் கைப்பம்பு. அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. முதல் வருஷம் அமீன் பள்ளத்தின் கரைமேல் கொட்டி வைத்திருந்த கசடு, திடீரென்று அடித்த மழையில் கரைந்து, கறுப்புத் தண்ணீராக அவருடைய நாற்றங்காலுக்குள் போயிருக்கிறது. அமீனே இதை என்னிடம் காலையில் சொல்லியிருந்தார். அதன் பிறகுதான் பள்ளத்தைச் சுற்றி வரப்பு எடுத்து, வெட்டிவேர் வைத்தாராம். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. ஆனாலும் செல்வராசு மறக்கவில்லை. மறக்கவேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவும் முடியாது.

"பாய், இது உள்ள போவக் கூடாது. வர்ற வழியெல்லாம் ஒழுவிக்கிட்டு வருது. எம் பொண்டாட்டி புள்ளைங்க இந்தப் பம்புத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க" என்றார்.

லாரி ஓட்டுநர் இறங்கி, அரசாங்கமே கொடுக்கிற உரம் என்று ஏதோ ஆரம்பித்தார். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், காரியம் நடக்கிற நேரத்தில் ஒருவர் வந்து மறிக்கிறாரே என்று. அமீன் லாரியின் பின்பக்கம் ஏறினார். உறை போட்ட கையைக் குவியலுக்குள் முழங்கை வரை விட்டார். ஒரு பிடி எடுத்து அழுத்தினார். விரல்களுக்கு நடுவே தண்ணீர் வழிந்தது. இன்னோர் இடத்தில் தோண்டினார், அங்கேயும் அதேதான். கீழே நின்ற எங்களுக்கே அந்த வாடையில் தலை கிறுகிறுத்தது.

அவர் இறங்கி வந்து செல்வராசுவிடம் சொன்னார். "நீங்க சொல்றது சரிண்ணே. இது வேவாத சரக்கு. எறக்க மாட்டேன்."

ஓட்டுநருக்கு நம்ப முடியவில்லை. படுக்கையில் மழை விழுந்துவிட்டது, அதனால் ஈரம், இரண்டு நாள் வெயிலில் உங்கள் இடத்திலேயே காய்ந்துவிடும் என்றார். அமீன் அசையவில்லை. ஜமீலா வரிசையாக நின்ற கன்றுகளைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். தென்கிழக்கில் மேகம் திரண்டிருந்தது. அந்த அம்மா ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஓட்டுநரிடம் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். லாரி ரிவர்ஸிலேயே போய் மெயின் ரோட்டில் திரும்பியது.

செல்வராசுவும் அப்படி நடக்குமென்று எதிர்பார்க்கவில்லை போலும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இரண்டு நாள் ஓரமாகக் காயப்போட்டிருக்கலாமே என்று அமீனிடம் கேட்டே விட்டேன்.

"மழை வந்தா அது கீழ எறங்கி அந்த மனுசன் பம்புத் தண்ணிக்குத்தாம்மா போவும்" என்றார். "ஒரு தடவ அவரு வயலுக்குப் போனது தெரியாம நடந்தது. இப்பத் தெரிஞ்சே விட்டா அதுக்குப் பேரு வேற."

அன்று ஜமீலாதான் வழி சொன்னார். சுத்திகரிப்பு நிலையத்துக் கூரைக்கு அடியில் போன கோடையில் மக்கிய பழைய குவியல் ஒன்று இருக்குமே, அதைக் கேட்டால் என்ன என்றார். அந்த நிலையம் எந்த ஊரில் என்று நான் எழுதப்போவதில்லை, அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தொல்லை வேண்டாம். அமீன் போனில் பேசினார். குவியல் இருந்தது, சோதனையும் முடிந்திருந்தது. ஏற்ற ஆள்தான் இல்லை, மூட்டை கட்டி நீங்களே எடுத்துக்கொண்டால் சரி என்றார்கள்.

எனக்கு மாலை ரயிலில் திரும்புவதாகத் திட்டம். போகவில்லை. கடற்கரைச் சாலை பக்கம் ஒரு விடுதியில் அறை போட்டேன், எழுநூறு ரூபாய், சுத்தமாக இருந்தது. மறுநாள் காலையில் அமீன், ஜமீலா, நான், வாடகை டிராக்டர்காரர், நாலு பேரும் போனோம். ஜமீலா எனக்கும் ஒரு ஜோடி பூட்ஸ், உறை, முகத்துக்குத் துணி கொண்டுவந்திருந்தார்.

அந்தப் பழைய குவியலில் கை வைத்தபோதுதான் நேற்றைய லாரி எவ்வளவு தப்பு என்று எனக்கு உறைத்தது. இது உதிர்ந்தது. காட்டுத் தரையில் மழை விழுந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாடை, அவ்வளவுதான். இடையிடையே பாலிதீன் துணுக்கு, பல் தேய்க்கும் பிரஷ், ஒரு சின்ன பொம்மையின் கை. எல்லாவற்றையும் சலித்து எடுத்தோம். ஜமீலா சல்லடை பிடிக்க நான் அள்ளிப் போட்டேன். மதியத்துக்குள் என் முதுகு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. அமீன் தொழுகைக்குப் போய் வந்தார், மறுபடி அள்ளினார். டிராக்டர் பெட்டி மூட்டைகளால் நிறைந்தபோது முதல் தூறல் விழுந்தது. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினோம்.

விழிதியூர் வந்து சேர்வதற்குள் மழை வலுத்துவிட்டது. குவாரிக்குப் போகிற மண்பாதை குழம்பாகிக் கிடந்தது. டிராக்டர் பாதி தூரம் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் கீழே இறங்கியது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் பெட்டி செல்வராசு வயலில்தான் கவிழும். நாங்கள் மூன்று பேரும் பின்னால் தோள் கொடுத்துப் பார்த்தோம், நகரவில்லை. ஜமீலாவின் முகத்தில் முதல்முறையாக அழுகை வந்து நின்றது. அவர் அழவில்லை. பாதையோரத்தில் கிடந்த தென்னை மட்டைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் திணிக்க ஆரம்பித்தார்.

செல்வராசு குடை பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து வந்தார். நேராகப் பெட்டிக்குப் போய், தார்ப்பாயைத் தூக்கி, ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, கையை உள்ளே விட்டார். நேற்று அமீன் செய்த மாதிரியே அழுத்திப் பார்த்தார். தண்ணீர் வரவில்லை. மோந்தும் பார்த்தார்.

பிறகு தன் வயலின் மேட்டுப் பக்கத்தைக் காட்டினார். அங்கே நாற்று இல்லை, களத்துமேடு, தரை கெட்டியாக இருந்தது. மண்வெட்டி எடுத்து வந்து, வரப்பை அவரே இரண்டு வெட்டு வெட்டித் திறந்துவிட்டார்.

"இதால ஓட்டிட்டுப் போங்க. நான் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் இல்ல பாய். மழை முடிஞ்சதும் எங்க பம்புத் தண்ணிய எடுத்துட்டுப் போயி பாக்கணும். வருசா வருசம் பாக்கணும். ரிசல்ட்ட எங்கிட்டதான் மொதல்ல காட்டணும்."

"இன்ஷா அல்லா காட்டுறேண்ணே" என்றார் அமீன். "நீங்களும் கூட வாங்க. தண்ணிய நீங்களே எடுத்துக் குடுங்க."

தென்னை மட்டைகள் மேல் ஏறிச் சக்கரம் ஒருவழியாகக் குழியை விட்டு வெளியே வந்தது. செல்வராசு டிராக்டர்காரருக்கு வழி காட்டிக்கொண்டே முன்னால் நடந்தார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. கொண்டுவந்தது அந்த வெறுந்தரையில் பாதிக்குத்தான் போதுமானதாக இருந்தது. மேட்டுப் பக்கமாக, பம்பிலிருந்து தள்ளி இருக்கிற பட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். மூட்டையைப் பிரித்துக் குழி மண்ணோடு கலந்து, கன்றை வைத்து, மேலே வைக்கோல் மூடினோம். புங்கன் கன்று ஒன்றை நானும் நட்டேன். மீதி இடத்துக்கு என்ன செய்வதென்று அமீனும் ஜமீலாவும் கொஞ்ச நேரம் பேசினார்கள். இன்னொரு லாரிக்கு முயற்சி செய்யலாம் என்று நான் சொன்னேன். வேண்டாம், சணப்பு விதைத்து வைப்போம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. மிஞ்சிய கன்றுகளைப் பெரிய பைகளுக்கு மாற்றும் வேலையை ஜமீலா அப்போதே ஆரம்பித்துவிட்டார். அவர் முகத்தில் தோல்வி எதுவும் இல்லை.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் என் அவசரத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் பார்க்கப் போனது ஒரு உரத்தை. எத்தனை டன், ஏக்கருக்கு எவ்வளவு, எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று. அதெல்லாம் சொன்னார்கள்தான். ஆனால் அந்தக் குவாரியில் காடு நிற்பதற்குக் காரணம், வந்த லாரியைத் திருப்பி அனுப்ப அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான்.

உங்களில் யாராவது இதே மாதிரி நிலம் வைத்திருந்து அங்கே போக நினைத்தால், சில விஷயங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள், பாதை இருக்காது. மாசி, பங்குனி நல்லது, பாதை காய்ந்திருக்கும். முன்கூட்டி ஊரில் விசாரித்து, அவர்கள் வரச் சொன்னால் மட்டும் போங்கள், அது காட்சிக்கூடம் இல்லை. மூடிய செருப்பு அவசியம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கசடைத் தொடவே வேண்டாம். உங்கள் ஊரில் செய்வதென்றால், காரைக்கால் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்தோ, எங்கள் பக்கம் ஊராட்சியோ, அங்கே முதலில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். சோதனை முடிவு இல்லாத சரக்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கிணறு, குளம், வாய்க்கால் பக்கத்தில் கொட்டாதீர்கள். கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள், தண்ணீர் வந்தால் திருப்பி அனுப்புங்கள், எந்த மழை வந்தாலும் சரி.

எங்கள் மேட்டுக்கு இந்த வருஷம் லாரி வரவில்லை. ஊருக்கு வந்த மறுநாள், மேட்டை ஒட்டி மக்காச்சோளம் போடுகிற கலியம்மாள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் நிலத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன், கறுப்புத் தண்ணீர் ஓடியதையும் மறைக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். ஏன் என்றேன். கிணறு என்றார்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். அப்போதும் வேண்டாம்தான். மூன்றாவது முறை போனபோது, முதலில் கிணற்றுத் தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம், மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன். தண்ணீரை அவரே இறைத்துத் தருவதாகவும், பரிசோதனைக்கு அவரும் கூட வருவதாகவும் சொன்னார்.

வரும் திங்கட்கிழமை போகிறோம். பஸ்ஸில் ஜன்னலோர இடம் அவருக்கு வேண்டுமாம்.